நான்கு சின்னான்கள் காட்டிய வழி

(சேலத்தில் பள்ளி ஆசிரியர்களும் பறவை ஆர்வலர்களும் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



உள்ளே வரும்போது வாசல் வேப்பமரத்தில் ஒரு கொண்டைக்குருவி உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. நீங்களும் அதைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். தலையில் கறுப்புக் கொண்டை, வாலுக்கு அடியில் குங்குமம் தொட்டு வைத்தாற்போல் ஒரு சிவப்பு. நூல்களில் இதற்குச் செங்குதச் சின்னான் என்று பெயர். மின்கம்பியில் இருக்கும், முருங்கையில் இருக்கும், வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலைப் பழம் தின்ன வரும். இந்தக் குருவியில் தொடங்கி, இதன் மூன்று பங்காளிகளைத் தேடி மலையேறி, பிறகு ஏரிக்கரைக்கு இறங்கி வந்த ஒரு நாளைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

சேலம் என்றால் மாம்பழம், உருக்காலை, வெள்ளிக் கொலுசு. நாமக்கல் என்றால் முட்டை, லாரி, ஆஞ்சநேயர். இப்படித்தான் வெளியூர்க்காரர்கள் நம்மைச் சொல்கிறார்கள். நாமும் அப்படியே நம்பிவிட்டோம். பறவை பார்க்க வேண்டுமென்றால் வேடந்தாங்கலுக்கு வண்டி பிடிக்கிறோம். காடு பார்க்க வேண்டுமென்றால் வால்பாறைக்கோ முதுமலைக்கோ போகிறோம். பள்ளிச் சுற்றுலாப் பட்டியலில் நம் ஜருகுமலையோ போதமலையோ இருந்து நான் பார்த்ததில்லை. ஆனால் இந்த மாவட்டங்களின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். சேர்வராயன், கல்ராயன், பச்சைமலை, கொல்லிமலை, போதமலை, ஜருகுமலை, கஞ்சமலை, பாலமலை. சமவெளி நடுவே ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நிற்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலை நீண்ட மதில் என்றால், நம்முடைய கிழக்குத் தொடர்ச்சி மலை தீவுக்கூட்டம். சுற்றிலும் வெயில் கொளுத்தும் நிலம், நடுவில் குளிர்ந்த காடு. அந்தக் குளிர்ச்சியில் வாழும் பறவைக்குக் கீழே இருக்கும் சமவெளிதான் கடல்.

இந்தத் தீவுகளில் ஒன்றின் மேல், சேலம் நகரத்துக்கு நேர் மேலே, உலகம் முழுவதிலுமிருந்து பறவை ஆய்வாளர்கள் தேடி வருகிற ஒரு பறவை இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? அந்தப் பறவையைக் காட்ட வேண்டும் என்றுதான் சென்ற தை மாதத்தில், பொங்கல் முடிந்த வாரம், ஆறு பேரை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். ஆறு பேருக்கு மேல் வேண்டாம் என்பதில் நான் பிடிவாதம். அதற்கு மேல் போனால் அது ஊர்வலம்.

வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் போவதில்லை என்பது அடுத்த பிடிவாதம். 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மலையேறப் போன இளைஞர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து, 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. அதில் நம் சேலத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து குண்டூர் போகும் பாதையும் உண்டு. முன்பதிவு செய்துவிட்டு, மலைக்கிராமத்து இளைஞர்களின் துணையோடு போகலாம். தீக்காலத்தில் பாதையை மூடிவிடுவார்கள். மூடினால் மூடினதுதான், ‘நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார்’ என்று குறுக்குவழி தேட வேண்டாம்.

எங்களோடு வந்த இளைஞர் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். மலையாளி என்றால் கேரளக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். சேர்வராயனிலும் கொல்லிமலையிலும் கல்ராயனிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் மலைமக்கள் அவர்கள். மலையை ஆள்பவர்கள் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். கையில் ஒரு கம்பு, தோளில் ஒரு தண்ணீர்ப் பாட்டில், அவ்வளவுதான். எங்களிடமோ ஆளுக்கொரு தொலைநோக்கி. அடிவாரத்தில் நின்று அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “சார், முன்னால போறவங்க பேசாம வாங்க. பறவைய நாம பாக்கறதுக்கு முந்தி அது நம்மள பாத்துருங்க.”

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 278 மீட்டர். சேர்வராயன் உச்சி 1,600 மீட்டருக்கும் மேல். பேருந்தில் போனால் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு மணி நேரத்தில் ஏற்காடு வந்துவிடும். காது அடைக்கும், காற்று குளிரும், அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. நடந்து ஏறுகிறவர்களுக்கோ மலை மாடி மாடியாகத் திறக்கும். எந்த மாடியில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள உயரமானி தேவையில்லை, எந்தச் சின்னான் கூப்பிடுகிறது என்று கேட்டாலே போதும் என்பது என் அனுபவம்.

தோட்டம், தோப்பு, தென்னை, கிணறு என்று ஊர் முடியும் வரைக்கும் நம் கொண்டைக்குருவி. அதற்கு மேல் முள்ளும் புதரும் ஆரம்பிக்கிறது. சூரை, வெள்வேல், உசில், இடையிடையே உன்னிச்செடி. அங்கே திடீரென்று புதருக்குள்ளிருந்து ஒரு சத்தம். குடத்திலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று கொட்டுவதுபோல வேகமாக வந்து, சட்டென்று நிற்கும். தொலைநோக்கியைத் தூக்குவதற்குள் அடுத்த புதருக்குப் போயிருக்கும். அது வெண்புருவச் சின்னான். மங்கின பச்சை உடம்பு, கண்ணுக்கு மேல் ஒரு வெள்ளைக் கோடு. கூச்ச சுபாவம். எங்கள் குழுவில் இருந்த ஓர் ஆசிரியை அரைமணி நேரம் சத்தத்தை மட்டுமே கேட்டு, ‘இப்படி ஒண்ணு நிஜமாவே இருக்கா சார்?’ என்று கேட்டுவிட்டார். பிறகு ஒரு சூரைச்செடியின் உச்சியில் மூன்று விநாடி வந்து உட்கார்ந்து காட்சி கொடுத்தது. இது இரண்டாம் மாடி.

மூன்றாம் மாடிதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது.

புதர்க்காடு மெல்லக் குறைந்து, பாறை துருத்திக்கொண்டு வரும் சரிவு. யானை படுத்திருப்பதுபோல உருண்டைப் பாறைகள். பாறை இடுக்கில் வேர் விட்டு இறங்கிய இச்சி மரங்கள். ஒன்பது மணி வெயில் அப்போதே சுட்டது. வழிகாட்டி கையை மட்டும் உயர்த்தி எங்களை நிறுத்தினார். எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் பாறையைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. தலையைச் சற்றே சாய்த்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை ஓய்வாக விட்டால்தான் காது திறக்கும் என்று பிறகு சொன்னார். இரண்டு நிமிடம். மூன்று நிமிடம். எனக்குப் பின்னால் யாரோ செருப்பை மாற்றி ஊன்றிய சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. அதற்குப் பிறகு வந்தது, மேலே இச்சி மரத்திலிருந்து. வெண்புருவச் சின்னானின் குரலுக்குத் தம்பி மாதிரி, ஆனால் அவ்வளவு அவசரம் இல்லாமல், கொஞ்சம் தேய்ந்த குரல்.

அது இச்சிப் பழம் தின்று கொண்டிருந்தது. உடம்பு சாம்பல், இறக்கையில் இலைப்பச்சை. தலையும் தொண்டையும் மஞ்சள். மஞ்சள் என்றால் எலுமிச்சையின் மஞ்சள் இல்லை. புதிதாக இடித்த மஞ்சள்தூளைப் பச்சைத் துணியில் தட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. வாலுக்கு அடியிலும் அதே மஞ்சள். ஒரு பழத்தைப் பறித்தது, விழுங்கியது, அலகைக் கிளையில் இரண்டு பக்கமும் தேய்த்துத் துடைத்துக்கொண்டது. சாப்பிட்டுவிட்டு வாய் துடைக்கும் பெரியவர் மாதிரி. பிறகு பாறைக்கு இறங்கி, நிழல் விழுந்த பக்கத்தில் உட்கார்ந்தது. அதற்குள் இன்னொன்று வந்தது. ஜோடி. எட்டு நிமிடம் எங்களுக்கு அவை தரிசனம் கொடுத்தன. யாரும் பேசவில்லை. முன்பு ‘நிஜமாவே இருக்கா’ என்று கேட்ட ஆசிரியை தொலைநோக்கியை இறக்கியபோது கண் கலங்கியிருந்தது. அதைச் சொல்வதில் எனக்கோ அவருக்கோ வெட்கமில்லை.

மஞ்சள் தொண்டைச் சின்னான். 1840களில் தாமஸ் ஜெர்டன் என்னும் மருத்துவர் இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் மருத்துவராக இருந்துகொண்டே பறவைகளை ஆராய்ந்தவர் அவர். இந்தப் பறவை தென்னிந்தியாவைத் தாண்டி உலகில் வேறெங்கும் இல்லை. தென்னிந்தியாவிலும் எல்லா இடத்திலும் இல்லை. இப்படிப்பட்ட பாறைச் சரிவுகளில் மட்டும், பாறைக்கும் புதருக்கும் அத்திவகை மரங்களுக்கும் நடுவில் வாழ்கிறது. அழியும் ஆபத்தை எதிர்நோக்கும் பறவைகளின் உலகப் பட்டியலில் இது இருக்கிறது. காரணம் யாரும் துப்பாக்கி தூக்கிக்கொண்டு இதைத் துரத்துவதல்ல. இது வாழும் வீடே பாறை. நமக்குப் பாறை என்றால் ஜல்லி, அஸ்திவாரக் கல், பளபளக்கும் கிரானைட். ஒரு பாறைக்குன்றைக் குவாரிக்கு விட்டால் அங்கே இருக்கும் பத்து இருபது ஜோடிகளுக்கு அடுத்த குன்று எங்கே? முன்பு சொன்னேனே, நடுவில் சமவெளிக் கடல். இந்தப் பறவை அந்தக் கடலை எளிதில் தாண்டுவதில்லை. அதனால்தான் ‘இது வெறும் பொட்டல் பாறை, இதில் என்ன இருக்கிறது’ என்று யாராவது ஒரு கோப்பில் எழுதும்போது, ‘இருக்கிறது, இன்ன தேதியில், இன்ன இடத்தில், இத்தனை’ என்று எடுத்து வைக்க நம்மிடம் ஒரு குறிப்பு வேண்டும் என்று நான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குறிப்பு என்றதும் ஒரு பழைய கதை. 1929இல் ஆர்தர் வெர்னே என்பவரின் பொருளுதவியோடு கிழக்குத் தொடர்ச்சி மலைப் பறவைகளைக் கணக்கெடுக்க ஒரு குழு புறப்பட்டது. களத்தில் இறங்கிப் பறவைகளைச் சேகரித்தவர் லா பெர்சொன். அவற்றை ஆராய்ந்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1930களில் தொடர்ந்து எழுதியவர்கள் ஹியூ விஸ்லரும் கின்னியரும். அவர்கள் முகாம் போட்ட இடங்களின் பெயரைப் படித்தால் உங்களுக்குச் சிலிர்க்கும். குரும்பப்பட்டி, சேர்வராயன், சித்தேரி. இன்றைக்குக் குழந்தைகளோடு ஞாயிற்றுக்கிழமை போகிறோமே, உயிரியல் பூங்கா இருக்கும் அதே குரும்பப்பட்டி. கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன்னால் அங்கே என்ன பறவை இருந்தது என்று லண்டனில் ஒரு நூலகத்தில் எடுத்துப் படிக்கலாம். ஐம்பது வருடத்துக்கு முன்னால் என்ன இருந்தது என்று கேட்டால், நம் ஊரில் பதில் சொல்லப் புத்தகம் இல்லை. பெரியவர்களின் நினைவுதான் இருக்கிறது. அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் கணக்கெடுப்பு என்றால் சுட்டு வீழ்த்தித் தோலைப் பாடம் செய்து பெட்டியில் அடுக்குவது. இப்போது அது தேவையில்லை. கண், காது, ஒரு நோட்டு, கைப்பேசி. சேலம் பறவையியல் கழகம் போன்ற குழுக்களின் இளைஞர்கள் சில வருடங்களாக ஏரி ஏரியாக, குன்று குன்றாக அலைந்து இந்த இடைவெளியை நிரப்பி வருகிறார்கள். 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. எங்கே இருக்கிறோமோ அங்கேயே 15 நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி, ‘ஈபேர்ட்’ தளத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். மாட்டுப் பொங்கலன்று கொல்லையில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டே இதைச் செய்யலாம். வனத்துறையும் வருடந்தோறும் ஈரநிலப் பறவைகளையும் நிலப் பறவைகளையும் தனித்தனியாகக் கணக்கெடுக்கிறது. அதற்குத் தன்னார்வலர்கள் தேவைப்படுகிறார்கள், நீங்கள் வாருங்கள்.

சரி, நாங்கள் இன்னும் மலையில்தான் இருக்கிறோம்.

பாறைச் சரிவு முடிந்து மரநிழல் தொடங்கியதும் காற்றே மாறியது. ஈர மண்ணின் வாசனை. ‘குட்ரூ குட்ரூ’ என்று ஒன்று ஆரம்பிக்க, பள்ளத்தாக்கின் மறுகரையிலிருந்து இன்னொன்று பதில் சொன்னது. சின்னக் குக்குறுவான். கீழே ஊருக்குள் கொல்லன் செம்பு தட்டுவதுபோல ‘டுக் டுக்’ என்று நாள் முழுக்கத் தட்டும் செம்மார்புக் குக்குறுவானின் உறவு. ஏற்காட்டை நெருங்க நெருங்கக் காப்பித் தோட்டங்கள். சேலத்தில் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820களில் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்பது ஏற்காட்டில் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. காப்பிக்கு நிழல் வேண்டும். பலா, அத்தி, ஆல் என்று நாட்டு மரங்களை நிழலுக்கு வைத்த தோட்டத்தில் பறவைக் கூட்டம் ஒரு மாதிரி, மிளகுக்கொடி ஏற்றுவதற்காக வரிசையாகச் சில்வர் ஓக் நட்ட தோட்டத்தில் வேறு மாதிரி. இரண்டையும் பிரிக்கும் வேலியில் பத்து நிமிடம் நின்றால் போதும், காதே சொல்லிவிடும்.

அங்கேதான் நான்காவது பங்காளி. கூரான கறுப்புக் கொண்டை, கன்னத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. செம்மீசைச் சின்னான். ஏற்காட்டில் தங்கும் விடுதியின் சன்னல் கம்பியில்கூட வந்து உட்காரும். அழகுக்கு அழகு, பயமும் கிடையாது. சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுத்துப் போவது பெரும்பாலும் இதைத்தான். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இந்த நான்கு மாடிக்கும் நடுவில் மதில் எதுவும் கிடையாது. கொண்டைக்குருவி வீடுகளைப் பின்தொடர்ந்து மேலேயும் வந்துவிடுகிறது. மனிதன் எங்கே வீடு கட்டுகிறானோ அங்கே அதற்குச் சோறு உண்டு. மூன்றாம் மாடிக்காரருக்குத்தான் போக வேறு இடமில்லை.

குளிர்காலத்து விருந்தாளிகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் அவர்கள் கோபிப்பார்கள். ஓடைக் கல்லில் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஒரு சாம்பல் வாலாட்டி. ஆவணி புரட்டாசியிலேயே வந்துவிடும் முதல் விருந்தாளி. காப்பிச் செடிகளின் கீழே சருகைக் கிளறிக்கொண்டு ஆறுமணிக் குருவி. தோட்டக்கள்ளன், காசுக்கட்டிக் குருவி, பொன்னுத்தொட்டான் என்று இதற்குத் தமிழ்நாடு முழுக்கப் பெயர்கள். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இரண்டு சொல் குரல் கொடுப்பதால் ஆறுமணிக் குருவி. ஒன்பது வண்ணத்தையும் ஒரே உடம்பில் பூசிக்கொண்டது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டு, ஐப்பசி வாக்கில் இரவோடு இரவாகத் தெற்கே பறந்து வரும். சில இரவுகளில் களைத்துப்போய் ஊருக்குள் விழுந்துவிடும். பல வருடத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கழிப்பறைக்குள் ஒன்று வந்து ஒண்டியிருந்தது. ஏதோ ஆகாத சகுனம் என்று அந்த வீட்டுப் பாட்டி பதறிப்போய்க் கூப்பிட்டார். ஒரு அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, இருட்டாக வைத்து, மாலையில் தோப்பில் கொண்டுபோய்த் திறந்துவிட்டோம். தத்தித் தத்தி நான்கு அடி நடந்து சருகுக்குள் மறைந்தது. ‘வடக்கேயிருந்து நடந்து வந்த பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடுக்காம அனுப்பிட்டீங்களே’ என்று பாட்டி என்னைக் கடிந்துகொண்டார். பறவையை நேசிப்பது எப்படி என்று நான் படித்த புத்தகங்களில் அந்த வாக்கியத்துக்கு ஈடாக ஒன்றுமில்லை.

ஒரு தவறையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆரம்ப நாட்களில் கொல்லிமலையில், ஆகாய கங்கைக்கு இறங்கும் படிகளுக்கு அருகே, சீகாரப் பூங்குருவியின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டேன். சிறுவன் ஒருவன் வேலைவெட்டி இல்லாமல் சீட்டியடித்துக்கொண்டு போவது போன்ற அதன் பாட்டை விடியலில் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். குரலைக் கேட்டுப் பறவை வந்தது. திரும்பத் திரும்பச் சுற்றி வந்தது. எல்லோரும் படம் எடுத்தோம். தன் இடத்துக்குள் வேறொருவன் நுழைந்துவிட்டான் என்ற பதற்றத்தில் அது வந்ததென்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. கூட்டில் குஞ்சு இருந்திருந்தால் அந்த அரைமணி நேரம் அவற்றுக்கு இரை இல்லை. அன்றைய படங்களை நான் யாருக்கும் காட்டுவதில்லை. என்னோடு வருகிறவர்கள் கைப்பேசியில் பறவைக் குரல் போடக்கூடாது. கூட்டை நெருங்கக்கூடாது. இருந்த இடத்திலிருந்து ஒரு பறவை நம்மால் எழுந்து பறந்தால், அங்கே நாம் ஓர் அடி அதிகமாக வைத்துவிட்டோம் என்று பொருள்.

கொல்லிமலையைப் பற்றிப் பேச இன்னொரு மாலை வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறவர்களுக்கு வல்வில் ஓரியின் நினைவு வருவது இயல்பு. எனக்கு அங்கே தினைக்குருவியின் நினைவு வருகிறது. சில்லை என்றும் சொல்வார்கள், தானியம் கொறிக்கும் சிறு பறவை. கொல்லிமலையில் ஒரு காலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் சரிவெல்லாம் விளைந்தன. பிறகு சமவெளி ஜவ்வரிசி ஆலைகளின் தேவைக்காக மரவள்ளிக்கிழங்கு பரவியது. விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன், சாமைக்கு என்ன விலை கிடைத்தது என்று அவருக்குத்தான் தெரியும். ஆனால் தினை போன பிறகு தினைக்குருவி என்ன தின்கிறது என்று சொல்ல, மலையிலேயே இருந்து இருபது வருடம் நோட்டில் எழுதியவர் வேண்டும். அங்கிருக்கும் பள்ளி ஆசிரியர்கள் இந்த அரங்கிலும் இருக்கிறீர்கள். நாளைக்கே தொடங்கலாம்.

அதேபோல் போதமலை. ராசிபுரத்திலிருந்து பார்த்தால் கண்ணெதிரே நிற்கிறது. மேலே கீழூர், மேலூர், கெடமலை என்று ஊர்கள். தேர்தல் வந்தால் வாக்கு இயந்திரங்களைத் தலையில் சுமந்துகொண்டு அதிகாரிகள் நடந்து ஏறிய படங்களைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். இப்போது சாலை வருகிறது. பிரசவ வலியில் தொட்டிலில் கட்டித் தூக்கிவந்த மக்களுக்குச் சாலை வேண்டும், அதில் இரண்டு கருத்தில்லை. அந்தச் சாலை போவதற்கு முன்னும் பின்னும் சரிவில் என்ன பறவை என்று எழுதி வைப்பதும் நம் வேலைதான்.

மலை போதும், தண்ணீருக்கு வருவோம். சேர்வராயனில் பெய்யும் மழைதான் திருமணிமுத்தாறாக இறங்கிச் சேலத்துக்குள் ஓடி, நாமக்கல் மாவட்டம் வழியாகப் போய்க் காவிரியில் கலக்கிறது. வழியெல்லாம் ஏரிகளை நிரப்பிக்கொண்டு போன ஆறு. இன்று நகருக்குள் அதன் நிறத்தை நான் வர்ணிக்க வேண்டியதில்லை, பாலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிறோம். 1911இல் சேலத்தின் குடிநீருக்காகக் கட்டிய பனமரத்துப்பட்டி ஏரி 2,000 ஏக்கருக்கு மேல் பரந்தது. அதன் பெரும்பகுதி சீமைக்கருவேல முள்ளாகிப்போனது. இன்னொரு பக்கம், கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010இல் ஊர்மக்கள் முன்னின்று தூர்வாரினார்கள். வாரிய மண்ணை வெளியே கொட்டாமல் ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். இன்று அந்தத் திட்டுகளின் மரங்கள் நீர்ப்பறவைகளுக்கு வீடு. ஒரு ஏரியை என்ன செய்யக்கூடாது, என்ன செய்யலாம் என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால் ஒரே நாளில் இந்த இரண்டு கரைக்கும் கூட்டிப் போங்கள்.

நாமக்கல் பக்கத்தில் தூசூர் ஏரியும் பழையபாளையம் ஏரியும் இருக்கின்றன. தண்ணீர் நின்ற வருடத்தில், தை மாத விடியலில் அங்கே போய்ப் பாருங்கள். பனி இன்னும் கலையவில்லை. சேற்று விளிம்பில் பொரி உள்ளான் ஒற்றைக்காலில் நிற்கும். நெடுங்கால் உள்ளான் இளஞ்சிவப்புக் கால்களை எண்ணி எண்ணி எடுத்து வைக்கும். தாமரை இலைமேல் இலைக்கோழி, நடுத்தண்ணீரில் முக்குளிப்பானும் நாமக்கோழியும். அரிவாள் மூக்கன் கூட்டம் வளைந்த அலகைச் சேற்றில் விட்டுத் துழாவும். கொஞ்சம் தள்ளி, ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் பிறந்த நீலச்சிறகி வாத்துகள் முதுகில் அலகைச் செருகித் தூங்கும். கரையில் ஒரு இருசக்கர வாகனம் ஆரன் அடித்தால் அத்தனையும் எழும். சாயங்காலம் மத்திய ஆசியாவிலிருந்து வந்த சோளப்பட்சிக் கூட்டம் சுருளும் புகைபோல அறுவடை வயலுக்கு மேல் திரும்பும். பக்கத்து ஈரோட்டில் வெள்ளோடு 2022இலும் திருப்பூரில் நஞ்சராயன் குளம் 2024இலும் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. நம் இரண்டு மாவட்டத்திலும் அப்படி ஒன்றுகூட இல்லை. அங்கே பல வருடம் கரையில் நின்று எண்ணியவர்களின் பட்டியல்கள் இருந்தன, கேட்டபோது எடுத்து நீட்ட முடிந்தது. தினமும் முட்டை விலையைக் கணக்காக அறிவிக்கும் ஊர் நாமக்கல். எண்ணுவது நமக்குப் புதிதல்ல.

அன்று மாலை மலையிலிருந்து பேருந்தில் இறங்கியதும் எல்லோரும் மூக்கனேரிக்குப் போனோம். வழிகாட்டி இளைஞரையும் விடாமல் அழைத்துக்கொண்டோம். கரையில் நின்று வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தார். “மேல இருந்து பாத்தா இது வெள்ளித் தட்டு மாதிரி தெரியுங்க சார். நெறஞ்சிருக்கா, காஞ்சிருக்கான்னு அங்கிருந்தே சொல்லிருவோம். கிட்ட நின்னு பாத்ததில்ல,” என்றார். பிறகு திரும்பி நின்று மலையைக் காட்டினார். இருட்டிக்கொண்டிருந்த சரிவில் ஒரு வெளிறிய திட்டு. காலையில் நாங்கள் நின்ற பாறை அது. ஏரிக்கரையிலிருந்து வெறும் கண்ணுக்கே தெரிந்தது. எத்தனை வருடம் இந்தக் கரையில் நடந்திருக்கிறேன், நிமிர்ந்து பார்த்ததில்லை.

நீர்க்காகங்கள் வரிசை வரிசையாகத் திட்டுகளுக்கு வந்து சேர்ந்தன. எனக்கு முன்னால் இருந்த கருவேலஞ்செடியில் ஒரு ஜோடி, கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு, அடைவதற்கு முன் கடைசிச் சண்டையைப் போட்டுக்கொண்டிருந்தது. நாள் முழுக்க நான் எழுதிய நோட்டை அவரிடம் நீட்டினேன். பேனாவை வாங்கி, கொஞ்சம் யோசித்து, மேலே நான் எழுதியிருந்த முறையைப் பார்த்துக்கொண்டு, குண்டு குண்டான எழுத்தில் எழுதினார்:

மூக்கனேரி. மாலை 6.10. செங்குதச் சின்னான், 2.